துருப்பிடித்த ஐந்து பெட்டிகளுக்கு யார் பணம் தர வேண்டும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய யூனிட் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். சி.என்.சி. மெஷினில் கடைந்த எஃகு பாகங்கள், பன்னிரண்டு மரப்பெட்டிகள், பெட்டிக்கு 400 கிலோ, மொத்த இன்வாய்ஸ் மதிப்பு 38 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஆலையிலிருந்து லாரியில் மணலிப் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ். (கன்டெய்னரில் சரக்கு அடைக்கும் கிடங்கு); அங்கே மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் அடைத்தார்கள். சென்னைத் துறைமுகம், கொழும்பில் கப்பல் மாற்றம், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கன்டெய்னரைப் பிரித்து, அங்கிருந்து லாரியில் ஸ்டுட்கார்ட். வாங்கியவர் திறந்து பார்த்தால் ஐந்து பெட்டிகளில் துரு. சரக்கை அனுப்பிவைக்கும் பொறுப்பை ஏற்ற ஃபார்வர்டர் "எடைக்கு இவ்வளவுதான் எங்கள் பொறுப்பு" என்கிறார். கப்பல் கம்பெனி "சீல் உடையாமல் வந்தது" என்கிறது. சி.எஃப்.எஸ். "நல்ல நிலையில் வாங்கினோம், நல்ல நிலையில் ஏற்றினோம்" என்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயரை அனுப்பியதோடு சரி, இரண்டு மாதமாகப் பேச்சில்லை. வாங்கியவர் 16 லட்சத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார். "இத்தனை கை மாறிய சரக்குக்கு யார்தான் பொறுப்பு? எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்றால் நான் எதற்கு இன்சூரன்ஸ் கட்டினேன்?" என்று முடித்திருக்கிறார்.

கோபம் நியாயம்தான். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரிக்காமல் யாரிடம் போனாலும் சுற்றிவிடுவார்கள். சரக்கைச் சுமந்தவர்களிடம் போனால் அவர்கள் கேட்பது "எங்கே கெட்டது?" என்று. இன்சூரன்ஸிடம் போனால் அவர்கள் கேட்பது "எதனால் கெட்டது?" என்று. நீங்கள் இரண்டு பக்கமும் ஒரே கடிதத்தை அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி: லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு மாடி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக சரக்கு கிளைம் வேலை. முதலில் சர்வேயரிடம் உதவியாளராக இருந்தேன், அப்புறம் ஏற்றுமதியாளர்களுக்கும் ஃபார்வர்டர்களுக்கும் கிளைம் பேப்பர் பார்ப்பது. வக்கீல் இல்லை. உங்கள் பி.எல்.லையோ (சரக்கை ஏற்றுக்கொண்டதற்குத் தரும் ஆவணம்) பாலிசியையோ நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே எழுதுவதில் சட்டம் சொல்வது உறுதி. உங்கள் விஷயத்தில் எது பொருந்தும் என்பது பேப்பரைப் பொறுத்தது.

முதலில் ஃபார்வர்டர். இந்தியாவில் ஓரிடத்திலிருந்து வெளிநாட்டில் ஓரிடத்துக்கு, இரண்டோ அதற்கு மேலோ வகை வாகனங்களில், ஒரே ஒப்பந்தத்தில் சரக்கு போனால் அதற்கென்று 1993 ஆம் ஆண்டு பன்முகப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் போட்டவர் கடைசி வரைக்கும் பொறுப்பு. லாரி அவருடையது இல்லை, கப்பல் அவருடையது இல்லை என்பதெல்லாம் உங்களிடம் செல்லாது. சரக்கு அவர் பொறுப்பில் இருந்தபோது கெட்டதா என்பதுதான் கேள்வி. அப்படிக் கெட்டிருந்தால், தன் பக்கமோ தன் ஆட்கள் பக்கமோ தவறில்லை என்று அவர்தான் காட்ட வேண்டும்.

ஆனால் இதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் காகிதத்தின் தலைப்பு என்ன? பன்முகப் போக்குவரத்து ஆவணம் என்று இருந்து, கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவு எண் அச்சிட்டிருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். ஃபார்வர்டர் தன் பெயரில் தரும் வெறும் ஹவுஸ் பி.எல். ஆக இருந்து, சரக்கு பெற்ற இடம் சென்னை, ஒப்படைக்கும் இடம் ஸ்டுட்கார்ட் என்று இருந்தாலும் வாதாட இடமுண்டு. துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரை மட்டும் என்று இருந்தாலோ, "ஏஜென்ட் என்ற முறையில் மட்டும்" என்று கையெழுத்துக்குக் கீழே போட்டிருந்தாலோ நிலைமை மாறும். நான் பார்த்த சண்டைகளில் பாதி இந்தக் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தில்தான் நடந்தது.

சரி, பன்முக ஆவணம் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது பணம் எவ்வளவு? சட்டம் இதை எஸ்.டி.ஆர். என்ற சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகில் சொல்கிறது. அதன் ரூபாய் மதிப்பு தினமும் மாறும். கணக்குக்காக 120 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். எங்கே கெட்டது என்று தெரியவில்லை, சரக்கின் மதிப்பையும் நீங்கள் முன்கூட்டி ஆவணத்தில் எழுதிவைக்கவில்லை என்றால், வரம்பு கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர். அல்லது பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. உங்கள் பெட்டி 400 கிலோ, அதாவது 800 எஸ்.டி.ஆர். ஐந்து பெட்டிக்கு 4,000. ரூபாயில் 4 லட்சத்து 80 ஆயிரம். நஷ்டம் 16 லட்சம். ஃபார்வர்டர் சொல்லும் "எடைக்கு இவ்வளவு" இதுதான். அவர் பொய் சொல்லவில்லை, பாதிக் கதையைச் சொல்கிறார்.

மீதிக் கதை, எங்கே கெட்டது என்று தெரிந்துவிட்டால் தொடங்குகிறது. அப்போது எந்தக் கட்டத்தில் கெட்டதோ அந்த வகைப் போக்குவரத்தின் சட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மாறாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் செல்லாது என்று பன்முகச் சட்டமே சொல்கிறது. அம்பத்தூரிலிருந்து மணலிக்கு வரும் வழியில் தார்ப்பாய் கிழிந்து மழை இறங்கியது என்று வையுங்கள். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2007-ம் அதன் 2011 ஆம் ஆண்டு விதிகளும் வரும். கூடுதல் ரிஸ்க் ரேட் கட்டாத சரக்குக்கு வரம்பு, கட்டிய வாடகையில் பத்து மடங்கு. லாரி வாடகை 6,000 ரூபாய் என்றால் 60 ஆயிரம். தீர்ந்தது. அதே துரு கடலில் பிடித்தது என்றால் மறுபடி 4 லட்சத்து 80 ஆயிரம்தான், ஆனால் கப்பல் கம்பெனிக்கு அங்கே தப்பிக்கக் கதவுகள் அதிகம். கப்பலைச் செலுத்துவதிலோ நிர்வகிப்பதிலோ மாலுமி செய்த பிழைக்குக்கூட அது பொறுப்பில்லை. 1925 ஆம் ஆண்டுக் கடல்வழிச் சரக்குச் சட்டத்தின் இடத்தில் 2025-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. இந்த அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. ஹாம்பர்க்கிலிருந்து ஸ்டுட்கார்ட் போகிற வழியில் ஜெர்மானிய லாரியில் நனைந்தது என்றால் அந்த நாட்டு வணிகச் சட்டத்தில் வரம்பு கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். உங்கள் 2,000 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம். அதாவது நஷ்டம் முழுவதுமே வரம்புக்குள் வந்துவிடும்.

ஒரே துரு. இடம் மாறினால் 60 ஆயிரம், 4 லட்சத்து 80 ஆயிரம், முழு 16 லட்சம். இதனால்தான் "எங்கே" என்பதில் எல்லோரும் மௌனம் சாதிக்கிறார்கள். விமானத்தில் அனுப்பியிருந்தால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிலோ வரம்பு இன்னும் உயரம்: 1999-ல் 17 எஸ்.டி.ஆர். என்று தொடங்கி, படிப்படியாக உயர்ந்து 2024 டிசம்பரில் 26 ஆகியிருக்கிறது. நம் ரயிலில், மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாத சரக்குக்கு, கிலோவுக்கு 50 ரூபாய். ஐம்பது ரூபாய்தான், எழுத்துப்பிழை இல்லை.

சி.எஃப்.எஸ்.ஸில் கெட்டிருந்தால்? இது உறுதியில்லாத பகுதி. சி.எஃப்.எஸ். ஒரு வாகனம் இல்லை, அதற்கென்று போக்குவரத்துச் சட்டம் கிடையாது. பொருளை ஒப்படைத்து வைத்தவருக்கும் வாங்கி வைத்திருப்பவருக்கும் இடையில் இருக்கும் பொறுப்பு என்று 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி பார்ப்பார்கள்: சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டாரா என்பதுதான் அளவுகோல். அதில் எடை வரம்பு இல்லை. ஆனால் ஃபார்வர்டரின் வக்கீல் "பன்முகப் போக்குவரத்துச் சட்டத்தின் பொது வரம்புதான் பொருந்தும்" என்பார். இரண்டு பக்கமும் வாதிடலாம்.

இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் சரக்கு தனிக் கன்டெய்னரில் போகாதது இங்கே ஒரு வசதி. ஃபார்வர்டரிடம் எழுத்தில் கேளுங்கள்: அதே கன்டெய்னரில் போன மற்றவர்கள் யாராவது ஈரம் என்று புகார் சொன்னார்களா? உங்கள் பன்னிரண்டு பெட்டிகளும் கன்டெய்னருக்குள் எங்கே இருந்தன, துருப்பிடித்த ஐந்தும் ஒரே மூலையா? ஹாம்பர்க்கில் பிரித்தபோது எழுதிய டேலி ஷீட்டில் (சரக்கைச் சரிபார்த்த பட்டியலில்) "ஈரக்கறை" என்று ஏதாவது குறிப்பு உண்டா? மற்றவர் சரக்கும் அதே மூலையில் நனைந்திருந்தால் கன்டெய்னரின் கூரையில் ஓட்டை. யாருடையதும் நனையவில்லை, ஹாம்பர்க் குறிப்பும் சுத்தம் என்றால் சந்தேகம் ஜெர்மானிய லாரி மேலோ, உங்கள் பெட்டி மேலோ திரும்பும். கப்பல் கம்பெனியின் "சீல் உடையவில்லை" என்ற பதில் ஃபார்வர்டருக்கு உதவாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்றுமதியாளரே ஆலையில் அடைத்துச் சீல் வைத்த கன்டெய்னரில்தான் அந்த வாதத்துக்கு வலு. இங்கே அடைத்தது ஃபார்வர்டரின் ஆட்கள்.

அடுத்து "எதனால்". சர்வேயரின் பையில் ஒரு சின்ன பிரவுன் பாட்டில் இருக்கும், சொட்டு மூடியோடு. சில்வர் நைட்ரேட். ஈரமான பலகையிலோ துருவின் மேலோ இரண்டு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகும். நன்றாக வெள்ளையானால் கடல்நீர். ஒன்றுமே ஆகாவிட்டால் மழையோ கன்டெய்னர் வியர்வையோ. நடுவில் லேசாகக் கலங்கினால்தான் தலைவலி. நம் ஊரில் கடற்கரையை ஒட்டிய போர்வெல் தண்ணீரில்கூட அது கலங்கும், வெறுங்கையால் தொட்ட இடத்திலும் கலங்கும். திருவொற்றியூரில் ஒரு கிடங்கில் நான் ஒருமுறை அதை வைத்துக் கடல்நீர் என்று எழுதப்போனேன். என் சீனியர் அங்கே தரை கழுவும் குழாய்த் தண்ணீரில் அதே இரண்டு சொட்டை விட்டுக் காட்டினார். அதுவும் வெள்ளை. அன்றிலிருந்து கலங்கியது, திரிந்தது என்று தனித்தனியாக எழுதுகிறேன்.

வியர்வை என்று சொன்னேன். அதுவும் மெய்யானதுதான். சென்னைப் புழுக்கத்தில் அடைத்த கன்டெய்னர் குளிர்ந்த கடலுக்குள் போகும்போது உள்ளே இருக்கும் ஈரக்காற்று கூரைத் தகட்டில் நீராகக் கோத்துச் சொட்டும். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்றால், பல நேரம் உங்கள் மரப்பெட்டியிலிருந்தே. பெட்டியில் ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பேக்கிங்குக்கான சர்வதேசத் தரம்) முத்திரை இருக்கிறதே என்பார்கள். அந்த முத்திரை, மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றார்கள் என்பதற்குத்தான். மரம் காய்ந்தது என்பதற்கு இல்லை. பச்சை மரத்துக்கும் அந்த முத்திரை விழும்.

இதெல்லாம் இன்சூரன்ஸுக்கு ஏன் முக்கியம்? பாலிசியின் முதல் பக்கத்தில் ஏ, பி, சி என்று ஏதாவது ஒரு எழுத்து இருக்கும். லண்டன் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ்கள் (காப்பீட்டு நிபந்தனைத் தொகுப்புகள்), உலகம் முழுக்க இவற்றைத்தான் ஒட்டுகிறார்கள். சி என்றால் கப்பல் மூழ்குவது, தீப்பிடிப்பது, லாரி கவிழ்வது போன்ற பெரிய விபத்துகள் மட்டும். கடல்நீர் உள்ளே புகுந்தாலும் கிடையாது. பி என்றால் கப்பலுக்குள்ளோ கன்டெய்னருக்குள்ளோ கடல்நீர் புகுந்தது சேரும், மழை சேராது. ஏ என்றால் விலக்கியதைத் தவிர எல்லாம். ஆக, அந்தப் பிரவுன் பாட்டில் உங்கள் பாலிசி பி ஆக இருந்தால் உயிர்நாடி, ஏ ஆக இருந்தால் அவ்வளவு இல்லை, சி ஆக இருந்தால் எதற்கும் உதவாது.

இங்கே உங்கள் இன்வாய்ஸில் இருக்கும் ஒரு சொல் உங்களைக் காலை வாரியிருக்கலாம். சி.ஐ.எஃப். ஹாம்பர்க் என்று போட்டிருக்கிறீர்கள், அதாவது ஹாம்பர்க் வரை கப்பல் வாடகையும் காப்பீடும் உங்கள் செலவு. சர்வதேச விற்பனைச் சொற்களுக்கான இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி சி.ஐ.எஃப்.-ல் விற்பவர் சி கிளாஸ் எடுத்தாலே போதும். எந்த வகை வாகனத்துக்கும் பொருந்தும் சி.ஐ.பி.-ல் ஏ கிளாஸ் எடுக்க வேண்டும். இரண்டிலும் தொகை விலையின் 110 சதவீதம். ஏஜென்ட் இன்வாய்ஸைப் பார்த்துக் குறைந்தபட்சத்தையே எடுத்திருந்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. இன்னொன்று, பாலிசியில் போய்ச் சேரும் இடம் ஹாம்பர்க் என்று மட்டும் இருந்தால், சரக்கு அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு நகரத் தொடங்கிய நொடியில் காப்பீடு முடிந்துவிடும். ஸ்டுட்கார்ட் கிடங்கு என்று இருந்திருந்தால் அங்கே இறக்கி முடிக்கும் வரை உண்டு. கடைசித் துறைமுகத்தில் இறங்கி 60 நாள் என்ற உச்சவரம்புக்குள். கன்டெய்னரில் உள்நாட்டு நகரத்துக்குப் போகும் சரக்குக்கு, கப்பலில் ஏற்றுவதை வைத்துக் கணக்கிடும் சி.ஐ.எஃப்., எஃப்.ஓ.பி. எல்லாம் பொருந்தாத சட்டை. சி.ஐ.பி., அல்லது வண்டிக்காரரிடம் ஒப்படைப்பதை வைத்துக் கணக்கிடும் எஃப்.சி.ஏ. என்று போடுங்கள் என்று நானும் வருடக்கணக்காகச் சொல்கிறேன்; பேங்கில் பழைய ஃபார்ம், பையர் பழகிய சொல், மாறமாட்டேன் என்கிறார்கள்.

ஏ கிளாஸாகவே இருந்தாலும் விலக்குகளைப் படியுங்கள். போதாத பேக்கிங், பொருளின் உள்ளார்ந்த தன்மை, தாமதத்தால் வந்த நஷ்டம் மூன்றும் வெளியே. அச்சிட்ட கிளாஸில் இல்லாமல், உலோகச் சரக்குக்கென்று தனியாக ஒட்டும் ஒரு வரியும் உண்டு: துரு, ஆக்சிடேஷன், நிறமாற்றம் விலக்கு. பெரும்பாலும் அதோடு, "காப்பீடு செய்த விபத்தால் வந்தால் தவிர" என்று ஒரு வால் இருக்கும். அந்த வால் இருக்கிறதா, இல்லையா என்பதில் உங்கள் 16 லட்சம் நிற்கிறது. கூரை ஓட்டை வழியாக மழைநீர் சொட்டித் துருப்பிடித்தது என்றால், வால் இருந்தால் கிளைம் நிற்கும் என்பது என் கருத்து. வெறும் வியர்வை என்றால் கம்பெனி "பேக்கிங் போதாது" என்று சொல்லும், நீங்கள் "துருத்தடுப்பு எண்ணெய் பூசி, வி.சி.ஐ. என்ற துருத்தடுப்புத் தாள் சுற்றி, சிலிகா ஜெல் போட்டுத்தான் அனுப்பினோம்" என்று காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் வாய்ப்பு பாதிக்கு மேல். முடியாவிட்டால் குறைவு. இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது ஜோசியம்.

கிளைம் யார் பெயரில் என்பதையும் பார்க்க வேண்டும். சி.ஐ.எஃப்.-ல் சரக்கு சென்னையில் கப்பலேறியதும் ரிஸ்க் வாங்குபவருடையது. 1963 ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின்படி நஷ்டம் நேர்ந்த நேரத்தில் யாருக்குச் சரக்கில் நலன் இருந்ததோ அவர்தான் கேட்க முடியும். அதற்காகத்தான் பாலிசியின் பின்னால் கையெழுத்துப் போட்டு அவருக்கு அனுப்புவது. கணக்காகப் பார்த்தால், கடலில் நனைந்த சரக்குக்கு அவர் உங்கள் பணத்தைப் பிடிக்கக் கூடாது, பாலிசியை வைத்து அவரே கிளைம் செய்ய வேண்டும். ஆனால் அடுத்த ஆர்டர் அவர் கையில் இருக்கிறது, இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத்தான் தெரியும். மணலிக்கு வரும் வழியிலோ சி.எஃப்.எஸ்.ஸிலோ நனைந்தது என்றால் கதை வேறு: அது உங்கள் ரிஸ்க், உங்கள் கிளைம்.

"ஃபார்வர்டரே இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாராமே" என்று கேட்டிருந்தீர்கள். வைத்திருப்பார். அது அவருடைய பொறுப்புக்கான காப்பீடு. அவர் உங்களுக்குத் தர வேண்டிய 4 லட்சத்து 80 ஆயிரத்தை அவருக்குத் தருவார்கள். அவர் பொறுப்பில்லை என்றால் ஒன்றும் வராது. உங்கள் சரக்கின் மதிப்புக்கு அதில் இடமே இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தங்கள் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்ட இரண்டு கம்பெனிகளை எனக்குத் தெரியும்.

யார் தவறும் இல்லாமலும் பணம் கட்ட வேண்டிவரும் என்பது பலருக்குத் தெரியாது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டதே, அதற்கப்புறம் கப்பல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவை எல்லாச் சரக்குக்காரர்களும் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பழைய வழக்கம். ஒரு துளி நனையாத பெட்டியாக இருந்தாலும் உத்தரவாதம் கொடுக்காமல் வெளியே வராது. இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கடிதம் கொடுக்கும், சி கிளாஸாக இருந்தாலும். இல்லாவிட்டால் ரொக்கம். "பொறுப்பு எல்லோருக்கும் இருக்கும்போது நான் ஏன் இன்சூரன்ஸ் கட்டினேன்" என்ற உங்கள் கேள்விக்கு, மேலே இருக்கும் 60 ஆயிரமும் இதுவும் சேர்ந்துதான் என் பதில்.

இப்போது நாள் கணக்கு. என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தோல் பொருள் கன்டெய்னர். ஏழாவது மாதம் இன்சூரன்ஸ் பணம் வந்துவிட்டது, இனி ஃபார்வர்டரிடம் திரும்ப வசூல் செய்ய வேண்டும். கடல் சரக்குக்கு ஒரு வருடம் இருக்கிறது என்று நான் நிதானமாக இருந்தேன். பத்தாவது மாதம் நோட்டீஸ் போனது. பதிலில் அவர்கள் பி.எல். பின்பக்கத்தின் ஜெராக்ஸ் மட்டும் அனுப்பினார்கள், ஒரு வரியில் மஞ்சள் ஹைலைட்டரோடு: ஒன்பது மாதம். பன்முகப் போக்குவரத்துச் சட்டத்தில் வழக்குத் தொடர ஒப்படைத்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான். ஒரு வருடம் என்பது வெறும் கடல் போக்குவரத்துக்கு. இன்சூரன்ஸோடு பேசிக்கொண்டிருப்பது இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது.

நோட்டீஸும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத சேதத்தைப் பன்முகச் சட்டத்தில் ஆறு நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், கடலில் மூன்று நாள், விமானத்தில் 14 நாள். உங்கள் பையர் டெலிவரி நோட்டில் சுத்தமாகக் கையெழுத்துப் போட்டு, பதினோராம் நாள்தான் மெயில் அனுப்பியிருக்கிறார். அதனால் உரிமை போய்விடாது; நல்ல நிலையில் ஒப்படைத்தார்கள் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று காட்டும் சுமை உங்கள் பக்கம் வரும், அவ்வளவுதான். மணலி லாரிக்காரருக்கு இன்னும் நேரம் இருக்கிறது: வழக்குக்கு முன்பான நோட்டீஸ், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். லாரி ரசீதான எல்.ஆர்.-ல் "ஓனர்ஸ் ரிஸ்க்" (சேதம் சரக்குக்காரர் பொறுப்பு) என்று முத்திரை குத்தியிருந்தாலும் அனுப்புங்கள். அந்த முத்திரை அலட்சியத்தை மன்னிக்காது என்று உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழேயே சொல்லியிருக்கிறது.

ஆகவே இந்த வாரமே ஃபார்வர்டருக்கு ஒரு கிளைம் கடிதம். நகல் கப்பல் கம்பெனிக்கும் சி.எஃப்.எஸ்.ஸுக்கும். லாரிக்காரருக்குத் தனி நோட்டீஸ். தொகையைப் போடுங்கள், வரம்பை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டாம். வழக்குக் காலத்தை ஆறு மாதம் நீட்டித்துக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், பலர் தருவார்கள். நல்லெண்ணத்துக்காக ஒரு சின்னத் தொகையை வாங்கிக்கொண்டு "இனி கோரிக்கை இல்லை" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தபின் உங்கள் இடத்தில் நின்று இவர்களிடம் வசூலிக்கும் உரிமை அதற்கு வருகிறது. ஒரு நூற்பாலையின் நூல் லாரி விபத்தில் சேதமான வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை விரிவாகவே விளக்கியிருக்கிறது. அந்த உரிமையை நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று ஆனால் கம்பெனி உங்கள் கிளைமிலேயே கை வைக்கும்.

துருப்பிடித்த பாகங்களையும் அப்படியே விட்டுவைக்க வேண்டாம். நஷ்டத்தைக் குறைக்கும் கடமை காப்பீடு எடுத்தவருக்கு உண்டு. சர்வேயர் போட்டோ எடுத்து முடித்துவிட்டார் என்றால், எழுத்தில் அனுமதி கேட்டு, பையரை அவற்றைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். மேல்துரு மட்டும் பிடித்தவை தேறலாம். அப்போது கிளைம் 16 லட்சமாக இருக்காது, சுத்தம் செய்த செலவும் தேறாதவற்றின் மதிப்புமாகச் சுருங்கும். அந்தத் தொகைக்கு கம்பெனி எதிர்ப்புச் சொல்வதும் குறையும்.

ஜெர்மானிய லாரி மேல்தான் சந்தேகம் திரும்புகிறது என்றால் அந்த ஊர் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தச் சட்டத்தின் வரம்பு எனக்குத் தெரியும், அங்குள்ள நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பது என் வேலை எல்லைக்கு வெளியே. சர்வே ரிப்போர்ட்டின் நகலை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வந்ததும் முதலில், உப்பைக் காட்டும் குளோரைடு என்ற சொல்லைத் தேடுங்கள், அப்புறம் பெட்டிகளின் மரத்தில் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த இரண்டு வரியையும், பாலிசி முதல் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் இங்கே போட்டால் இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.